அல்லாஹ் மடக்கித் தந்த விரல்

அஸ்ஸலாமு அலைக்கும்.

எத்தாளையில் ஐஸ் ஹாஜியார் என்றால் அது நான்தான். தெரியாதவர்களுக்காக முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இன்னொரு முறை கேட்டால் குறைந்து போக மாட்டார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெளியேற்றியபோது கல்பிட்டிக் கரையில் படகை விட்டு இறங்கினவன் நான். கையில் ஒரு மாற்றுச் சாரமும் ஒரு அரிக்கன் லாம்பும் இருந்தன. லாம்பில் எண்ணெய் இல்லை. அந்தக் கையால் கட்டியவற்றைச் சொல்கிறேன். ஓலைக் கொட்டிலில் ஒரு கருவாட்டுக் கடை. அதைப் பிரித்துக் கல்லால் ஒரு கடை. பிறகு கருவாடு காயப்போட ஒரு வாடி. பிறகு ஐஸ் ஆலை. "மணல் காட்டில ஐஸ் செய்யப் போறாராம்" என்று சிரித்தவர்கள் இன்று என் வாசலில் பெட்டியோடு வரிசையில் நிற்கிறார்கள். நான் யாரையும் பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்கே தெரியும். பிறகு படகுகள், லொறி, தென்னந்தோட்டம். நம் பள்ளிவாசலில் நீங்கள் தொழுமுன் கைகால் கழுவி வுளூ செய்யும் தண்ணீர்த் தொட்டிக்கு முதல் மண்ணை வெட்டியதும் நான். என் தம்பி காமிலைப் படிக்க வைத்துப் பள்ளிக்கூட அதிபராக்கியதும் நான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி. மீதியை எனக்கும் சேர்த்து அவன் படித்தான்.

இவ்வளவையும் கட்டிய கை இது. வலது கை. அதில் ஒரே ஒரு விரல் மடங்க மாட்டேன் என்று நின்ற கதையையும், அல்லாஹ் அதை மடக்கித் தந்த கதையையும் நம் பள்ளிவாசல் மலருக்கு எழுதித் தரும்படி பள்ளி இமாம் ஹஸரத் கேட்டார். எழுதுகிறேன். எழுதுவதும் அதே கைதான்.

போன வருடம் ஒரு காலை நேரம். ஆலையில் ஐஸ் கட்டிகளை வெட்டி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். நான் சத்தம் போடாவிட்டால் அங்கே ஒரு கட்டியும் நகராது. திடீரென்று நெஞ்சின் மேல் யாரோ ஒரு முழுக் கட்டியைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. வியர்த்தது. ஐஸ் ஆலைக்குள் நின்று வியர்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதே லொறியில் ஏற்றிப் புத்தளத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து அம்புலன்ஸில் கொழும்புக்கு.

அஞ்சியோகிராம் செய்ய வேண்டும் என்றார்கள். கை வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு இதயம் வரை போய்ப் பார்ப்பது. வழக்கமாக மணிக்கட்டால் போவார்களாம். என் மணிக்கட்டில் குழாய் போகவில்லை. இரத்தக் குழாய் சுருங்கிக்கொண்டு வழிவிட மறுத்ததாம். "இப்பிடி முரண்டு பிடிக்கிற குழாய் நான் அடிக்கடி காணேல்ல, ஹாஜியார்" என்றார் டொக்டர். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. என் உடம்பில் எதுவும் லேசில் விட்டுக்கொடுக்காது. கடைசியில் முழங்கை மடிப்பால் போனார்கள். இரண்டு இடத்தில் அடைப்பு. ஸ்பிரிங் வைத்துத் திறந்துவிட்டார்கள். நெஞ்சு லேசாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று படுத்தேன்.

மறுநாள் பார்க்கிறேன், முழங்கைக்கு உட்பக்கம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி நிற்கிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றிலும் உணர்ச்சி இல்லை. மருந்தின் மயக்கம் என்று நினைத்தேன். டொக்டர் வந்து பார்த்தார்.

"கையைப் பொத்துங்க, ஹாஜியார்."

பொத்தினேன். சின்ன விரலும் மோதிர விரலும் மடங்கின. நடுவிரல் பாதி வழியில் நின்றது. சுட்டுவிரல் மட்டும் அசையவில்லை. நேராக டொக்டரின் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

"பொத்துங்க எண்டன்."

"பொத்தித்தான் இருக்கு. அது சொல்லுக் கேக்குதில்ல."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குழாய் போன இடத்தில் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து தேங்கி, பக்கத்தில் ஓடும் நரம்பை நசித்துவிட்டது, இதயத்துக்கு இப்படிப் போகும்போது அபூர்வமாக நடக்கும், எவ்வளவு கவனமாகச் செய்தாலும் நடக்கும் என்று விளங்கப்படுத்தினார். நரம்பு அறுபடவில்லை, அதுதான் நல்ல சேதி என்றார். திரும்ப வளரும்.

"எவ்வளவு கெதியா?"

"ஒரு நாளைக்கு ஒரு கடுகளவு கூட இல்ல. முழங்கையில இருந்து விரல் நுனி மட்டும் போக வேணும். மாசக்கணக்கு ஆகும். முழுசா வரும் எண்டு சத்தியம் பண்ண என்னால ஏலாது."

என் இளைய மகள் ரிஸ்னாவின் நிக்காஹ் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு என்று பேசி வைத்திருந்தோம். மாப்பிள்ளை கனமூலைப் பொடியன், பெயர் ஃபஸ்லான். நல்ல குடும்பம். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் வலது கையைத் தன் வலது கையால் இறுக்கிப் பிடித்து, என் மகளை உனக்குத் தந்தேன் என்று சொல்ல வேண்டும். மூத்த மூன்று பெண்களுக்கும் நான் பிடித்த பிடி ஊரில் இன்றைக்கும் பேச்சு. மூத்த மருமகனிடம் அவருடைய நிக்காஹைப் பற்றிக் கேட்டால், "கை வலிச்சதுதான் மாமா ஞாபகம்" என்பார். கடைக்குட்டிக்கு மட்டும் செத்த கையா? அந்தக் கட்டிலில் கிடந்து நான் யோசித்தது இதை மட்டும்தான். நெஞ்சைப் பற்றி யோசிக்கவேயில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்த விரல் எப்பேர்ப்பட்ட விரல் என்று தெரிந்தது. மற்ற விரல் என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இது கலிமா விரல். தொழுகையில் உட்கார்ந்து அத்தஹிய்யாத் ஓதும்போது நாம் நீட்டுகிற விரல், மௌத்தாகிறவர் உயிர் பிரிகிற நேரத்தில் உயர்த்துகிற விரல்.

ஒரு பகல், லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டு, மல்லாந்து படுத்துத் தூங்கிவிட்டேன். வலது கை நெஞ்சின் மேல். விரல் வழக்கம் போல முகட்டைப் பார்த்தபடி. என் மனைவி ஹலீமா குசினியில். சுகம் விசாரிக்க வந்த நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு காமில் உள்ளே வந்திருக்கிறான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"நானாட விரலைப் பாருங்க. கலிமா விரல் நிக்குது."

"ஸக்கராத்தா, சேர்? உசிர் போற நேரமா?"

"மூச்சுப் போகுதா எண்டு பாருங்க."

"போற மாதிரியும் இருக்கு, போகாத மாதிரியும் இருக்கு."

அதிபர் அல்லவா, யோசிக்கவில்லை, பாடத்தைத் தொடங்கிவிட்டான். மௌத்தாகிறவருக்கு ஓதுகிற யாஸீனை ஓதுகிறான். மற்றவர்களும் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் பஞ்சை ஸம்ஸம் தண்ணீரில் நனைத்து என் வாயில் பிழிந்திருக்கிறார். அது மூக்குக்குள் போனது. நான் செருமிக்கொண்டு எழும்பினால் சுற்றி நின்று எல்லோரும் அழுகிறார்கள்.

"காமில், ஆருக்கடா யாஸீன்?"

"உங்களுக்குத்தான், நானா. படுத்துக்கொள்ளுங்க, இன்னும் முடியல்ல."

ஹலீமா அகப்பையோடு வந்தாள். "மௌத்தாகாத மனிசனுக்கு ஆர் யாஸீன் ஓதினது? இப்பதான் ஒரு கோப்பைச் சோறு திண்டுட்டுப் படுத்தவர்!" என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. "ஜனாஸா அறிவித்தல்" என்று இரண்டு சொல் வந்தது. காமில் முன்கூட்டியே ஆள் அனுப்பியிருக்கிறான். என் மூத்த மருமகன் செருப்பில்லாமல் ஓடிப் போய் நிறுத்தினார். பெயர் வரவில்லையே தவிர, மரண அறிவித்தல் வந்துவிட்டது. யார் போனது என்று தெரியாமல் ஊரே அன்று பின்னேரம் வரை ஒருவர் வீட்டை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மஃரிபுக்குப் பள்ளிக்கு நடந்தே போனேன். எனக்கு விலகி வழிவிட்டவர்களின் முகத்தை நான் மறக்க மாட்டேன். தொழுகையிலும் அதே விரல், தொடங்குகிற தக்பீரிலிருந்து முடிக்கிற ஸலாம் வரை நீட்டியபடி. விரலை விடாமல் ஆட்டித் தொழுகிற மற்றப் பள்ளிக்காரர், ஹாஜியார் பாதி வழி எங்கள் பக்கம் வந்துவிட்டார் என்று சொன்னார்களாம். நான் எங்கும் போகவில்லை. விரல்தான் போனது.

தொழிலுக்கும் போக முடியவில்லை. கரையில் மீன் ஏலம் கூறுகிறவர் அன்ரனி. நானும் அவரும் பல வருடப் பழக்கம். அங்கே விலை கேட்கிறவன் விரலை உயர்த்துவான், கடைசியாக யாருடைய விரல் நிற்கிறதோ அவனுக்கு மீன். நான் கையைத் துணியில் கட்டி நெஞ்சோடு தூக்கிப் போட்டுக்கொண்டு சும்மா பார்க்கத்தான் போனேன். முதல் குவியல் சூடை மீன் எனக்கு விழுந்தது. இரண்டாவது குவியலும் எனக்கு விழுந்தது. பிறகு ஒரு திருக்கை. கதவு அளவு.

"அன்ரனி, நான் கேக்கவே இல்ல!"

"விரல் நிக்குது, ஹாஜியார். கரை முழுக்கப் பாக்குது."

"அது வருத்தத்தில நிக்குதுடா."

"அப்ப மடக்குங்க. மடக்கினா விட்டிடுறன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இடது கையால் அந்த விரலைப் பிடித்து மடக்கினேன். விட்டதும் நிமிர்ந்தது. அன்ரனியின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "பரவாயில்ல, திருக்கையை நான் வேற ஆளுக்குக் குடுக்கிறன்" என்றார் மெதுவாக. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திருக்கையை நானே எடுத்துக்கொண்டு வந்தேன். ஹலீமா என்னோடு ஒரு கிழமை பேசவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு வலீமா, கல்யாண விருந்து. ஆறு பேர் வட்டமாக இருந்து ஒரே பெரிய தட்டில் உண்கிற சஹன். அவரவர் தன் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், அதுதான் ஒழுங்கு. எனக்குச் சோற்றைக் கிள்ளிப் பிடிக்க முடியவில்லை. கை தட்டுக்குப் போகும்போது விரல் எதிரே இருந்தவரின் கோழித் துண்டைக் காட்டியது. அவர் நல்ல மனிதர். தன் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் வெட்கத்தில் கையை இழுத்தேன், விரல் பக்கத்து ஆளின் ஈரலைக் காட்டியது. அவரும் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சஹனில் இருந்த இறைச்சி முழுதும் என் முன்னால் குவிந்துவிட்டது. சோறு மட்டும்தான் மற்ற ஐந்து பேருக்கும். நெஞ்சில் ஸ்பிரிங் வைத்த ஆள் நான், அந்த இறைச்சியை உண்ணவும் ஏலாது. வீட்டுக்கு வந்து ஹலீமா ஊட்டிவிட்டுத்தான் வயிறு நிறைந்தது. ஊருக்குச் சோறு போட்ட கைக்கு அவள் ஊட்டிவிடுகிறாள். சிரிப்புக் கதை மாதிரித்தான் எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெருநாள் நெருங்கிக்கொண்டு வந்தது. விரலில் ஒரு அசைவும் இல்லை. ஒரு பின்னேரம் ஹஸரத்தையும் வைத்துக்கொண்டு காமில் பேச்சை எடுத்தான்.

"நானா, நிக்காஹில கையை நான் குடுக்கிறன். நீங்க பக்கத்தில இருங்க."

"என்ட மகளைக் குடுக்க நீ ஆரு?"

"நீங்க அனுமதி தந்தா நான் உங்கட இடத்தில நிக்கலாம். மார்க்கத்தில இடமிருக்கு."

"ஹஸரத், இவன் சொல்றது சரியா?"

"சரிதான், ஹாஜியார். ஆனா அதுவும் தேவையில்ல. கையைப் பிடிக்காட்டியும் நிக்காஹ் கூடும். வாயால சொல்றதுதான் கணக்கு. கை வழக்கத்துக்குத்தான்."

"வழக்கத்துக்கு எண்டு நீங்க சொல்லுவீங்க. நான் கையெழுத்துப் போடப் பழக முந்தியே கை குடுத்து யாவாரம் செஞ்சவன். என்ட வாயை ஆர் நம்பினது? கையைத்தான் நம்பினாங்க."

காமிலின் பையிலிருந்து ஒரு புதுத் தொப்பியின் நுனி எட்டிப் பார்த்தது. நிக்காஹுக்கு என்றே வாங்கிவிட்டான். நான் அதைப் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான். உள் அறைக் கதவுச் சேலைக்குப் பின்னாலிருந்து ரிஸ்னாவின் குரல் வந்தது.

"சாச்சாட கை பஞ்சு மாதிரி. எனக்கு வாப்பாட கைதான் வேணும். விரல் நீட்டிக்கொண்டு நிண்டா நிக்கட்டும், மாப்பிள்ள பயப்பட்டா பயப்படட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழும்பி ஐஸ் ஆலைக்குப் போனேன். கட்டிகள் அடுக்கும் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே அழுதால் வெளியே கேட்காது. மன்னாரை விட்டு வந்த அன்று கூட நான் அழவில்லை. அன்று அழுதேன். ஒரு சாக்கை விரித்துத் தொழுதுவிட்டுக் கையை ஏந்தினேன். ஏந்தின கையிலும் அந்த விரல் தனியாக விறைத்துக்கொண்டு நின்றது.

யா அல்லாஹ், என்று தொடங்கினேன். நான் உன்னிடம் ஐஸ் ஆலை கேட்டதில்லை, நானே கட்டினேன். அப்படிச் சொன்னதும் நாக்கு நின்றுவிட்டது. கட்டிய கை யாருடையது? சரி, நீ தந்த கையால் கட்டினேன் என்று திருத்திச் சொன்னேன். இப்போது ஒரு விரல் கேட்கிறேன். கை முழுவதையும் கேட்கவில்லை. பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் அவசரமில்லை, உன் வசதிப்படி தா. இந்த ஒரு விரலை மட்டும் நிக்காஹுக்கு முன்னால் தா. உன்னுடைய ஒருமைக்குச் சாட்சி சொல்லுகிற விரல் இது. அதற்காகவாவது தா. ஒரே ஒரு பிடி. அதற்குப் பிறகு வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள். கடைசியில் சொன்னதை உடனே வாபஸ் வாங்கினேன். எடுத்துக்கொள்ள வேண்டாம், ரப்பே, பேச்சுக்குச் சொன்னேன் என்றேன். சாக்கு நனைந்து, வெளியே வரும்போது முழங்கால் இரண்டும் விறைத்துவிட்டன.

கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் நானில்லை. அடுத்த நாளே புத்தளத்தில் கைப் பயிற்சி கொடுக்கும் நிலூஷா மிஸ்ஸிடம் போனேன். சிங்களப் பிள்ளை. தமிழ் நல்லாகப் பேசும். முதலில் கொடுத்த பயிற்சிகளை நான் முறைப்படி செய்யவில்லை என்று அதற்குக் கோபம்.

"மாமா, பெரிசா ஒண்டும் தூக்க வேணாம். சின்னச் சின்னதா கிள்ளி எடுக்கணும். பட்டன், பயறு, அந்த மாதிரி. ஒவ்வொரு நாளும். விடவே கூடாது."

"எங்கட வாடியில கூனி இருக்கு."

"கூனியா? ஹரி, சரி மாமா, கூனிதான் நல்லம்!"

கூனி தெரியும்தானே, சம்பலுக்குப் போடுகிற குட்டி இறால். காய்ந்த பிறகு அதில் மணலும் பாசியும் சிப்பித் துண்டும் கலந்து கிடக்கும். பெண்கள் வரிசையாக இருந்து சுளகில் பரப்பிக் குப்பையை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பார்கள். அந்த வரிசையின் கடைசியில் போய் நான் உட்கார்ந்தேன். முதலாளி கூனி பொறுக்குகிறார் என்ற கதை மதுரங்குளி வரை போனது. போகட்டும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு பாசித் துண்டைப் பிடிக்க ஒரு காலை நேரம் முழுதும் போனது. ஒவ்வொன்றுக்கும் நபி மேல் ஒரு ஸலவாத்து. விழுந்தால் திரும்ப முதலிலிருந்து.

வரிசைக்குத் தலைவி மைமூன் ராத்தா. என் வாடி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறவர். அவருடைய வாய்க்கு ஐஸ் போட்டாலும் ஆறாது.

"முதலாளி, நீங்க துப்பரவாக்கின சுளகில கூனியை விடக் குப்பை கூட."

"உங்கட கண்ணைப் பாருங்க, ராத்தா."

"கண் நல்லாத்தான் இருக்கு. இப்பிடிப் பொறுக்கிற ஆளை நீங்களா இருந்தா அண்டைக்கே கலைச்சிருப்பீங்க."

உண்மைதான், கலைத்திருப்பேன். ஆனால் நான் துஆவை வாய்விட்டுச் சொன்னபோது ஆமீன் சொன்னவரும் அவர்தான். வரிசை முழுதும் ஆமீன் சொல்லும். மணல் வாடியில் அத்தனை பெண்கள் ஒரு கிழவனின் விரலுக்காக ஆமீன் சொன்னதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

பெருவிரலில் முதலில் மின்சாரம் மாதிரி ஒரு சுள் என்ற வலி வந்தது. நிலூஷா மிஸ் அது நல்ல அறிகுறி என்றது. ஆனால் சுட்டுவிரல் மரக்கட்டையாகவே இருந்தது. பெருநாளுக்கு முந்தின கிழமை, சுளகில் கையை வைத்திருக்கிறேன். சுருக்கென்றது. பார்த்தால் கூனிக்குள்ளிருந்து ஒரு சிவப்பு எறும்பு, சுட்டுவிரலின் நுனியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

"எறும்பு கடிச்சிட்டு! அல்ஹம்துலில்லாஹ்! எறும்பு கடிச்சிட்டு!"

நான் எழும்பி வாடிக்குள் ஓடினேன். பெண்கள் பாம்பு என்று நினைத்துச் சுளகையும் போட்டுவிட்டு மறுபக்கம் ஓடினார்கள். அந்த எறும்பை நான் தட்டிவிடவில்லை. அது கடித்து முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அந்த மூலைக்கு ஒரு பிடி சீனி போட்டேன். இன்றைக்கும் அங்கே மருந்து தெளிக்க விடமாட்டேன். காமிலுக்குச் செய்தி சொன்னேன். "உணர்ச்சி வந்திட்டுதா, நானா?" என்று சந்தோஷப்பட்டான். நல்லவன்தான். அப்படியிருந்தும் தொப்பியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

நிக்காஹ் நாள். காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடித்துப் பார்த்தேன். விழுந்து உடைந்தது. பெருவிரல் வந்திருந்தது, நடுவிரல் வந்திருந்தது. சுட்டுவிரல் சில நேரம் கொஞ்சம் வளையும், சில நேரம் வளையாது. ஹலீமா உடைந்த துண்டுகளைக் கூட்டிக்கொண்டு, "இஞ்சாருங்க, வாயால சொன்னாலே கூடும் எண்டுதானே ஹஸரத் சொன்னவர்" என்றாள். அவள் ஏழு நோன்பு நேர்ந்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் நிறைந்துவிட்டது. எனக்கு வலப்பக்கம் காமில், புதுத் தொப்பியோடு, லொறியில் உதிரி டயர் வைத்திருப்பது மாதிரித் தயாராக. எதிரே ஃபஸ்லான். பொடியனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. ஹஸரத் என்னைப் பார்த்தார். காமிலைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். நான் பிஸ்மி சொல்லிக் கையை நீட்டினேன்.

ஃபஸ்லான் பிடித்தார். மூன்று விரல் அவருடைய கையைச் சுற்றின. சுட்டுவிரல் மட்டும் அவருடைய மணிக்கட்டின் மேல் நீட்டிக்கொண்டு நின்றது, துப்பாக்கியால் மிரட்டி நிக்காஹ் செய்து வைக்கிற மாதிரி. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹஸரத் சொல்லித் தர நான் சொல்லத் தொடங்கினேன். என் மகள் ரிஸ்னாவை.

அப்போதுதான் உணர்ந்தேன். விரலின் நுனிக்குக் கீழே ஏதோ துடித்தது. அந்தப் பொடியனின் நாடி. பயத்தில் குதிரை மாதிரி ஓடுகிறது. சூடு தெரியாத, குளிர் தெரியாத, ஐஸ் கட்டியில் வைத்தாலும் தெரியாத என் விரலுக்கு அவனுடைய நெஞ்சு அடிப்பது தெரிந்தது. பயப்படாதே மகன் என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது. வாயில் வேறு வார்த்தை அல்லவா ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் விரல் சொன்னது. மெதுவாக வளைந்தது. வளைந்து, அவனுடைய கையின் மேல் போய்ப் படுத்தது. மற்ற மூன்றோடும் சேர்ந்து இறுகியது. உனக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று நான் சொல்லி முடிக்கும்போது அது முழுப் பிடி. பழைய பிடி.

அவர் ஏற்றுக்கொண்டேன் என்றார். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. வலித்திருக்கும்.

துஆ ஓதி முடிந்தது. எல்லோரும் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவினார்கள். நான் தடவவில்லை. கையில் மருமகன் இருந்தார்.

"ஹாஜியார், விடுங்க. நிக்காஹ் முடிஞ்சிட்டு."

"கொஞ்சம் பொறுங்க, ஹஸரத்."

"மாப்பிள்ள கையெழுத்து வைக்க இருக்கு, ஹாஜியார். அவருக்கும் வலது கைதான்."

விட்டேன். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மகளைக் கொடுத்துவிட்டு அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதி அதுதான். மறுபாதி விரலுக்கு. காமில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். அவனுடைய புதுத் தொப்பி கீழே விழுந்தது. அதை நான் குனிந்து எடுத்தேன். எந்தக் கையால், எந்த விரலால் என்று கேளுங்கள்.

இன்றைக்கு விரல் முக்கால் வாசி வந்துவிட்டது. கோப்பை விழுவதில்லை. சஹனில் எனக்கு முன்னால் இருப்பதை மட்டும் எடுக்கிறேன். ஏலத்தில் வேண்டியபோது உயர்த்துகிறேன், வேண்டாதபோது மடக்குகிறேன். நான் கேட்காமலே என் தலையில் விழுந்த யாவாரம் போனதில் அன்ரனிக்குத்தான் கவலை. கூனிச் சுளகை நான் விடவில்லை. முந்தி அந்த வரிசையைத் தாண்டிப் போகும்போது சத்தம் போடுவேன். இப்போது ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து எழும்புகிறேன். மைமூன் ராத்தா என் சுளகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப வேலைக்கு வைக்கலாம்" என்கிறார்.

சகோதரர்களே, கையோ காலோ மனமோ விறைத்துப் போய் இருக்கிறவர்கள் கேளுங்கள். என் கையைப் பார்த்துப் பயந்து நெஞ்சு வருத்தத்துக்கு வைத்தியத்தைத் தள்ளிப் போடாதீர்கள். பிறகு கை வீங்கினால், விறைத்தால், என்னைப் போல மயக்கம் என்று நினைக்காமல் உடனே வாயைத் திறந்து சொல்லுங்கள். டொக்டர் சத்தியம் செய்ய மாட்டார், அது அவருடைய வேலையில்லை. அல்லாஹ்விடம் கேளுங்கள். அழுது கேளுங்கள். ஐஸ் அறை வேண்டுமென்றால் என்னிடம் சொல்லுங்கள், திறந்து தருகிறேன். ஒரு விரலைக் கேட்டவனுக்கு மூன்றைத் தந்தவன் அவன்.

கடைசியாக ஒரு விடயம். நிக்காஹ் அன்று இரவுச் சாப்பாட்டிலேயே ஆளுக்காள் பங்கு கேட்கத் தொடங்கிவிட்டார்கள். காமில் சொல்கிறான், அன்றைக்கு ஓதின யாஸீன் வீண் போகவில்லை என்று. ஹலீமா தன் நோன்புகள் என்கிறாள். நிலூஷா மிஸ்ஸுக்கு ஒரு சஹன் தனியாக அனுப்பினோம், சரி, அதற்கு உரிமை உண்டு. புது மருமகன் கூட, தான் இறுக்கிப் பிடித்ததால்தான் மடங்கியது என்று கனமூலையில் சொல்லித் திரிகிறாராம். மைமூன் ராத்தா ஆமீனைக் கணக்கில் எழுதச் சொல்கிறார். எல்லாம் சரி. எல்லோருக்கும் அல்லாஹ் கூலி கொடுக்கட்டும்.

இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தது ஹஸரத். அல்லாஹ் மடக்கித் தந்த விரல். அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. சத்தியமான வார்த்தை. பெரிய எழுத்தில் போடுங்கள். ஆனால் அதற்குக் கீழே ஒரு வரி வர வேண்டும். "கூனியில் குப்பை பொறுக்கியவர்: எத்தாளை ஐஸ் ஹாஜியார்." சின்ன எழுத்து என்றாலும் பரவாயில்லை.

இல்லை, சின்ன எழுத்து வேண்டாம். நடுத்தரமாகப் போடுங்கள். அச்சகத்துக்குப் போகுமுன் நான் வந்து பார்ப்பேன், அந்த வரியில் விரலை வைத்துப் பார்ப்பேன்.